பூச்சாடிக்குக் கீழ் ஓர் எல்லைக்கட்டை

பிள்ளைகளே, லின்ஃபீல்டில் நம்முடைய வீட்டுப் பின்வளவில் நிற்கிற முள்வேலி எல்லை இல்லை. எல்லை அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தெருவோரத்தில் வேலியும் எல்லையும் ஒன்றாகத்தான் தொடங்குகின்றன. பின்னால் போகப் போக வேலி நம்முடைய பக்கம் வளைந்து வந்துவிடுகிறது. கடைசி மூலையில், ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அகலத்துக்கு நிலம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு கார்கூட நிறுத்த முடியாத கூர்முனைத் துண்டு. ஆனால் அது நம்முடையது. அதை எடுத்தவரை நான் எப்படிப் பழிவாங்கினேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். பிள்ளைகளுக்கு எழுதுவதென்றால் நல்லதாக ஏதாவது எழுதுங்கோ என்று உங்கள் அம்மா சொன்னார். எனக்கு இது நல்லதாகத்தான் படுகிறது.

கதை தொடங்குவது இங்கிலாந்தில், நான் ஒருநாளும் காணாத ஒரு சின்ன ஊரில்.

அந்த ஊர்க்காரர்தான் நம்முடைய பக்கத்து வீட்டில் இருந்தவர். இளவயதில் இந்தத் தென்கோடி நாட்டுக்குக் கப்பலேறி வந்து, பால் லொறி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நாங்கள் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் காலை வேலை முடித்து நான் திரும்பி வந்தபோது, அவர் வேலிக்குள் குனிந்து நின்றார். கையில் வளைந்த கத்தி. ஹாத்தார்ன் என்று அவர்கள் சொல்லும் முள்மரத்தின் தண்டை அடியில் சரித்து வெட்டினார். முழுக்க வெட்டவில்லை. ஒரு பக்கத்துப் பட்டையும் விரல் தடிப்பு மரமும் மிச்சம் இருக்க, தண்டை மெல்லச் சாய்த்து, நட்ட தடிகளுக்கிடையில் படுக்க வைத்தார். அடுத்ததும் அப்படி. எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்த ஆட்களைப் போலக் கிடந்தன.

அவர் பேசியது இங்கிலீஷ். நான் விளங்கிக்கொண்டதை நம்முடைய பேச்சிலேயே எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு அவருடைய குரல் கேட்காது.

"ஏன் முழுக்க அறுக்காமல் விடுறீங்கள்?" என்று கேட்டேன்.

"அறுத்தால் அது விறகு. உயிரோடை படுத்தால்தான் வேலி."

"எங்கட பக்கத்திலையும் உயிர்வேலிதான். கிளுவையும் பூவரசும் கதியால் தடியா நட்டு, மேலை ஓலை வைச்சுக் கட்டுவம்."

அவர் நிமிர்ந்து முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்ப உமக்கு வேலி தெரியும்," என்றார்.

அன்றைக்குத் தொடங்கியவர் நிற்கவில்லை. இந்தத் தெருவில் அத்தனை வருடம் இருந்தும் வேலியைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்கவில்லையாம். இரண்டு குளிர்காலம், வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்று, அந்த ஊரின் கதை முழுவதையும் கேட்டேன்.

ஒரு தெரு, ஒரு குளம், சதுரக் கோபுரம் வைத்த ஒரு சேர்ச், ஒரு மதுக்கடை, அவ்வளவுதான் ஊர். களிமண் நிலம். மழைக்குச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு போகும், வெயிலுக்கு ஓடு மாதிரி வெடிக்கும். கோதுமை போட்டார்கள், அவரை போட்டார்கள், செம்மறியாடு வளர்த்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒன்று பட்டினி வயல். இன்னொன்று விதவையின் மூலை. யாரை யார் ஏமாற்றிய இடம் என்று பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஆதியில் அங்கே வேலியே இருக்கவில்லையாம். பெரிய வெளியை நீள நீளக் கீற்றாகப் பிரித்து ஊரவர்கள் உழுதார்கள். ஒருவனுக்கு இங்கே ஒரு கீற்று, மேட்டுக்கு அப்பால் இன்னொரு கீற்று. அந்த உழவின் மேடும் பள்ளமும் இப்போதும் புல்லுக்குக் கீழே இருக்கிறதாம். வெயில் சாயும் நேரம் பார்த்தால், போர்வைக்குள் படுத்திருக்கும் மெலிந்த மனிதனின் விலா எலும்பு மாதிரித் தெரியும் என்றார். மாடும் வாத்தும் மேய்க்க ஊருக்குப் பொதுவான தரையும் இருந்தது. பிறகு பெரிய ஆட்கள் சட்டம் போட்டுப் பொதுத்தரையைப் பங்கு பிரித்து எடுத்தார்கள். முள்வேலி வந்தது அப்போதுதான். நட்டது யார்? அங்கே மாடு மேய்த்த அதே ஏழைகள், கூலிக்கு.

"தங்களை வெளியிலை விடுற வேலியைத் தாங்களே நட்டவை," என்று சொல்லிவிட்டு அவர் புல்லில் துப்பினார். அது நடந்தது அவருடைய பாட்டனுக்கும் பாட்டன் காலத்தில். துப்பியதைப் பார்த்தால் நேற்று நடந்தது போல இருந்தது.

அந்த ஊரார் சண்டை போடமாட்டார்கள். எனக்கு அதுதான் ஆச்சரியம். நம்முடைய பக்கத்தில் வேலிச் சண்டை என்றால் ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கேட்கும். கோர்ட்டுக்குப் போகும். அப்பன் வைத்த வழக்கை மகன் பேசுவான். அங்கே என்றால் காலையில் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார்கள், ஒரே பம்பில் தண்ணீர் எடுப்பார்கள், அறுவடையின் கடைசி வண்டி வந்து சேர்ந்ததும் பெரிய பண்ணைக்காரரின் கொட்டகையில் எல்லோருமாகக் குடித்துப் பாடுவார்கள். ஆனால் எதையும் மறக்கமாட்டார்கள். எவனுடைய பாட்டன் எவனுடைய ஆட்டைப் பிடித்து அடைத்தான் என்பதை, சேர்ச்சில் எந்த வாங்குப் பலகையில் யார் பக்கத்தில் யார் இருப்பதில்லை என்பதிலேயே வைத்துக் காப்பாற்றுவார்கள்.

"ஏன் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை?" என்று கேட்டேன்.

"குடியிருக்கிற வீடு பண்ணைக்காரன்ரை. வேலை போனால் வீடும் போகும். பெட்டியைக் கட்டி வண்டியிலை ஏத்திப்போட்டு வேணுமெண்டால் வாய் திறக்கலாம்."

அவருடைய தகப்பனுக்கு மட்டும் சொந்தமாக ஒரு சின்ன வயல் இருந்தது, ஊரின் ஓரத்தில். ஒருமுறை குதிரை உதைத்துக் கால் முறிந்து தகப்பன் குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தார். எழும்பிப் போய்ப் பார்த்தால் பண்ணைக்காரரின் வேலி உள்ளே வந்து நிற்கிறது, ஒரு வண்டி போகிற அகலத்துக்கு. பழைய வேலியை வேரோடு பிடுங்கியிருந்தது. மூலையில் நின்ற எல்லைக்கல்லும் இடம் மாறி இருந்தது.

இனித்தான் அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஈஸ்டர் கழிந்து சில கிழமையில் பாதிரியாரும் ஆண்களும் ஊர் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். கையில் பட்டை உரித்த வில்லோத் தடி. ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் தடியால் அடிப்பார்கள். கூடவே ஊர்ப் பையன்களையும் கூட்டிப்போய், கல்லின்மேல் கவிழ்த்துக் குண்டியில் ஒன்று போடுவார்கள். அடி வாங்கிய இடத்தை அவன் சாகும்வரை மறக்கமாட்டான் அல்லவா? கிழவர்கள் போன பிறகு எல்லைக்கு அவன்தான் சாட்சி. அந்த வருடம் மூலைக்கல்லுக்குக் கிடைத்த பையன் இவர்.

"பண்ணைக்காரன் பாதிரிக்குப் பக்கத்திலை முன்னுக்குப் போறான். என்ரை அப்பா பொல்லூன்றிக்கொண்டு கடைசியிலை. என்னைக் கவிட்டது நகர்த்தின கல்லிலை. 'இந்த இடத்தை மறந்திடாதை' எண்டு ஒண்டு விழுந்தது. அது கல்லு நிண்ட இடம் இல்லை எண்டு முழு ஊருக்கும் தெரியும். பாதிரிக்கும் தெரியும். எல்லாரும் சிரிச்சவை. நான் பிழையான இடத்திலை அடி வாங்கினனான்."

அந்தக் கடைசி வசனத்தை அவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். பண்ணைக்காரரின் பெயரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. 'வேலி நகர்த்தி' என்பார். உலகத்தில் அதைவிடக் கேவலமான சொல் அவருக்குத் தெரியாது.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மனதில் வன்மம் வைத்திருப்பவனுக்கு இன்னொரு வன்மக்காரன் பக்கத்தில் நின்றால் ஒரு ஆறுதல். நாங்கள் விட்டுவந்த ஊரில் நம்முடைய வீட்டையும் வளவையும் எடுத்தவர்களின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

இனி வாழைக்கு வருகிறேன். என்னோடு சரக்குக் கொட்டகையில் வேலை செய்த ஃபிஜித் தம்பி ஒருவர் கொடுத்த குட்டி அது. அவருடைய பூட்டன் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிக்குப் போனவர். தம்பிக்குத் தமிழ் கொஞ்சம் வரும், சனி ஞாயிறுகளில் வேலி அடிக்கிற வேலை நன்றாக வரும். இந்தக் குளிரில் வாழை குலை போடுவது லேசான காரியமா? நான் சாக்குச் சுற்றி, சாம்பல் போட்டு வளர்த்தேன். குலை தள்ளிய அதே கோடையில்தான் வங்கி மோட்கேஜ் தந்தது, வாடகைக்கு இருந்த வீட்டையே வாங்கினோம். புதுவீடு புகும் குடிபூரலுக்கு வாசலில் குலையோடு வாழை கட்டவேண்டும், நம்முடைய கையால் வளர்த்த வாழையே கட்டலாம் என்று அம்மா எல்லோருக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

குடிபூரல் கிழமை நான் வேலையால் வந்து பின்வளவுக்குப் போனேன். வாழை துண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெட்டி, வேலிக்கு மேலால் நம்முடைய பக்கம் எறிந்திருந்தார். குலை பிளந்து, பச்சைக் காய்கள் சேற்றுக்குள் புதைந்திருந்தன.

நேரே போய்க் கதவைத் தட்டினேன்.

"சாய்ஞ்சு என்ரை பக்கம் வந்தது," என்றார். "வேலிக்கு இஞ்சாலை வாறது என்ரை. எங்கட ஊர் வழக்கம்."

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"கேட்கிற வழக்கம் இல்லை." கதவைச் சாத்திவிட்டார்.

"டாட், இட்ஸ் ஒன்லி பனானாஸ்," என்று மூத்தவள் சொன்னதும், "நீ வாயை மூடு, வாசல் மொட்டையா நிக்கப்போகுது," என்று அம்மா அவளில் பாய்ந்ததும் ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய பழச்சீப்புகளைத் தடியில் கட்டி வாசலில் நிறுத்தினோம். வந்தவர்களில் ஒருவர் கிட்டப்போய் உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன, உங்கட வீட்டு வாழை இலை போடாதோ? ஸ்டிக்கர்தான் போடுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தக் கிழவனுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தேன்.

முதலில் நினைத்தது, அவர் முகமே தெரியாதபடி உயரமாகப் பலகை வேலி அடைப்பது. அளவெடுக்க ஃபிஜித் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் முன்பக்கம் நம்முடைய காணியின் அகலத்தை அளந்தார். பின்பக்கம் வந்து அளந்தார். திரும்ப அளந்தார்.

"அண்ணே, உங்க காணி பின்னாலே மெலிஞ்சு போச்சே."

"எங்கை போகும்?"

அவர் அளவுநாடாவின் நுனியை முள்வேலிக்கு மேலால் நீட்டிக் காட்டினார். "முன்னாலே இருக்கிற மாதிரி பின்னாலேயும் சர்வேக்காரன் ஒரு கட்டை அடிச்சிருப்பான். அது அந்தப் பக்கம்தான் இருக்கணும்."

இரண்டு பேருமாகச் சுற்றிப் போனோம். தம்பியின் கையில் மண்வெட்டி. எல்லைக்கட்டை தேடவேண்டும் என்று சொன்னதும், வாசலில் நின்ற கிழவர் திரும்பினார். உள்ளே போய்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தார். தன்னுடைய கொட்டிலுக்குப் பின்னால் நடந்தார். அங்கே ஒரு மண் பூச்சாடி கவிழ்த்து வைத்திருந்தது.

"தோண்டத் தேவையில்லை," என்று சொல்லி அதைத் தூக்கினார்.

கீழே எல்லைக்கட்டை. வெள்ளைப் பெயின்ட் புதிதாகப் பளிச்சென்று இருந்தது.

"தெரிஞ்சுகொண்டோ வேலியை வளைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் நடேக்கை உங்கட காணி வெறும் பத்தைக் காடு. அங்கை ஆரும் இல்லை."

"இந்த நாட்டு நிலத்தை எடுத்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க, அண்ணே," என்று தம்பி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"அப்ப கட்டையையும் பிடுங்கி எறிஞ்சிருக்கலாமே? ஏன் மூடி வைச்சு பெயின்ட் அடிக்கிறீங்கள்?"

சவக்குழியைத் தோண்டச் சொன்னவனைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். "எல்லைக்கல்லிலை கை வைக்கிறதோ? நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை."

அந்த ஊர் அந்த நிமிடம்தான் எனக்கு முழுதாக விளங்கியது. நிலத்தை எடுப்பார்கள். கல்லைத் தொடமாட்டார்கள். கல்லைத் தொட்டவனை மூன்று தலைமுறைக்குத் திட்டுவார்கள்.

தம்பி முன்கட்டையிலிருந்து பின்கட்டைக்கு நூல் இழுத்துக் கட்டினார். வாழை நின்ற இடமும், அது சாய்ந்த இடமும், எல்லாம் நம்முடைய பக்கம். அவர் வெட்டியது நம்முடைய காணிக்குள் நின்ற நம்முடைய மரத்தை.

நான் அந்தச் சொல்லை இங்கிலீஷில், பிழை வராமல், நிதானமாகச் சொன்னேன். "வேலி நகர்த்தி."

அவர் ஒரு அடி பின்னால் போய்க் கொட்டிலின் சுவரில் கை ஊன்றினார். அவர் தானாக எனக்குக் காட்டித் தந்த புண் அது. அதில் சரியாகக் குத்தினேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், இனித்தது.

"வேலியை வெட்டி எறியுங்கோ," என்றார் அம்மா. "எங்கட வாழையை வெட்டின கைதானே, பார்த்துக்கொண்டு நிக்கட்டும்." தம்பியும் அடுத்த சனிக்கிழமை செயின்சோவோடு வருவதாகச் சொன்னார். அன்று பின்னேரம் கிழவர் நம்முடைய வாசலுக்கு வந்தார். வளைந்த கத்தியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"வெட்டுறதெண்டால் நானே வெட்டுறன். மெஷின் வேண்டாம். நான் நட்டு வளர்த்தது."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெட்டிவிட்டால் முடிந்துவிடும். வெட்டிய களைப்போடு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, நிம்மதியாகத் தூங்கிவிடுவார். சேற்றுக்குள் கிடந்த குலையை நான் மட்டும் நினைத்துக்கொண்டு இருக்கவேண்டும்.

"வெட்ட விடமாட்டன்," என்றேன். "வேலி நிக்கட்டும். எனக்கு வேணும் உங்கட ஊர் வழக்கம்."

ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் கழிந்து, அவர் தடியோடு வந்து முன்கட்டையிலிருந்து பின்கட்டை வரை எல்லை நடக்கவேண்டும். என் பிள்ளைகள் பக்கத்தில் வருவார்கள். பூச்சாடியைத் தூக்கி, இது யாருடைய நிலம், யார் எடுத்தது என்று தன் வாயால் சொல்லவேண்டும்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"உங்கட ஊரிலை எவ்வளவு காலமோ, அவ்வளவு காலத்துக்கு."

அவர் கத்திச் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அந்தப் பண்ணைக்காரனை ஒருத்தரும் சொல்ல வைக்கேல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே அது வசந்தகால வழக்கம். இங்கே ஈஸ்டர் இலையுதிர்காலத்தில் வரும், பீஜோவாப் பழம் மரத்தடியெல்லாம் விழுந்து மணக்கும். முதல் வருடம் அவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். ஓடைக்கரையில் வெட்டிய வில்லோத் தடியைப் பட்டை உரித்து வைத்திருந்தார். இது என்ன விளையாட்டு என்று சின்னவன் கேட்டான். முன்கட்டையில் ஒரு அடி அடித்துவிட்டு அவர் நடந்தார். முள் சட்டைக்கையைப் பிடித்துக் கிழித்தது, நிற்கவில்லை. பூச்சாடியைத் தூக்கினார்.

"இது உங்கட நிலம். நான் எடுத்தனான்."

எனக்கு நன்றாகக் கேட்டது. "கேட்கேல்லை," என்றேன்.

கழுத்தெல்லாம் சிவந்து, அவர் உரத்துச் சொன்னார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி ஜன்னலில் நின்று, "இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்கோ," என்றார். மூத்தவள் என் கையை உதறிவிட்டு, "திஸ் இஸ் சோ மீன், அப்பா," என்று சொல்லி உள்ளே ஓடினாள்.

மகளே, அன்றைக்கு நான் உனக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஓம், கொடுமைதான். ஆனால் என்னிடம் பறித்தவர்கள் ஒருவரும் டை கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, நான்தான் எடுத்தேன் என்று சொல்லப் போவதில்லை. வீட்டை எடுத்தவர்கள் சொல்லமாட்டார்கள். வளவை எடுத்தவர்களும் சொல்லமாட்டார்கள். எனக்குக் கிடைத்தது இந்த ஒரு ஆள். அவரை நான் சும்மா விடுவேனா?

அடுத்த வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடம், சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தும் அவர் போகவில்லை.

"அடி இல்லாமல் வழக்கம் முடியாது," என்றார்.

"பிள்ளையளிலை கை வைச்சுப் பார்க்கட்டும், தெரியும்!" என்று ஜன்னலிலிருந்து அம்மா கத்தினார். கிழவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அது விளங்கியது.

"பிள்ளையளுக்கு இல்லை," என்று தடியை மூத்தவளிடம் நீட்டினார். பிறகு கட்டைக்கு மேலே கால்களை அகட்டி, முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். "ஒருக்காவாவது சரியான இடத்திலை."

மூத்தவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நான் தடியை வாங்கினேன். மெல்லத் தட்டியிருப்பேன் என்று நீங்கள் பின்னாளில் யாருக்காவது சொல்லக்கூடும். அப்படிச் சொல்லாதீர்கள். பார்த்தவர்கள் நீங்கள். சேற்றுக்குள் கிடந்த குலையையும், ஸ்டிக்கர் ஒட்டிய பழத்தையும் நினைத்துக்கொண்டு ஓங்கி ஒன்று போட்டேன். தடி முறிந்தது.

அவர் நிமிர நேரம் எடுத்தது. கண்ணில் தண்ணீர். ஒரு கையால் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு கட்டையைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "கல்லு இஞ்சதான் நிக்குது."

பூச்சாடியைத் திரும்பக் கவிழ்த்துவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு, நொண்டி நொண்டித் தன் வீட்டுக்குள் போனார்.

அதோடு எனக்கு மனம் இளகவில்லை. அடுத்த வருடமும் நடக்க வைத்தேன். பீஜோவாப் பழம் ஒரு வாளி கொண்டுவந்தார். பழத்தை வாங்கிக்கொண்டேன், நடக்கவும் வைத்தேன். பிறகு அவருக்குக் கால் முடியாமல் போய், கிளென்ஃபீல்டில் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போனார். ஈஸ்டர் முடிந்ததும் அவரே போன் எடுத்தார். "இந்த வருஷம் எப்ப?" என்று கேட்டார். "விடுங்கோ அந்த மனிசனை," என்று அம்மாவே சொன்னார். நான் துறைமுகப் பாலம் தாண்டிப் போய்க் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சக்கர நாற்காலி புல்லில் புதைந்தது, தள்ளினேன். கட்டை வரைக்கும் போய், சொல்லவேண்டியதைச் சொன்னார். இந்தமுறை 'கேட்கேல்லை' என்று நான் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். வீடு விற்பனையானது.

வாங்கியவர்கள் போன சனிக்கிழமை கட்டிடவேலைக்காரன் ஒருவனோடு நம்முடைய பின்வளவுக்கு வந்தார்கள். முள்வேலியைப் பிடுங்கிவிட்டு அதே வரியில் கராஜ் சுவர் கட்டப் போகிறார்களாம். "இதுதானே எல்லை?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கேள்வி மாதிரி இருந்தது, ஆனால் கையில் வரைபடத்தை ஏற்கெனவே விரித்து வைத்திருந்தார். நான் இங்கிலீஷ்ச் சொற்களைத் தேடினேன். அந்த நேரம் பார்த்து, டெய்ரி என்கிற தெருமூலைக் கடைக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்ட மூத்தவள் கையில் கடித்த டோஸ்ட்டோடு படியில் இறங்கி வந்தாள்.

"நோ," என்றாள்.

அவர்களுடைய கொட்டிலுக்குப் பின்னால் விறுவிறு என்று நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். புல் மூடிக் கிடந்த பூச்சாடியை ஒரு காலால் தட்டிவிட்டாள். கட்டை நின்றது. பெயின்ட் மங்கியிருந்தது.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"எடுத்தவரே சொன்னார். வருஷா வருஷம் சொன்னார். என்ரை அப்பா இந்த இடத்திலைதான் அவருக்கு அடிச்சவர்," என்று இங்கிலீஷில் ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள். கட்டிடவேலைக்காரன் சிரித்துவிட்டான். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வரைபடத்தை மடித்தார்.

அவர்கள் போன பிறகு அவள் என்னைப் பார்த்து, "அப்பா, வீ மிஸ்ட் திஸ் இயர்," என்றாள். உண்மைதான். இந்த வருடம் நாங்கள் எல்லை நடக்கவில்லை. அன்று பின்னேரமே மூன்று பேரும் நடந்தோம். சின்னவன் கட்டைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தான்.

வேலியை நான் பிடுங்க விடமாட்டேன். அது நம்முடைய காணியில் நிற்கிறது, குளிர்காலம் வந்தால் அவர் செய்தது போலவே பட்டையை மிச்சம் விட்டு வெட்டிச் சாய்ப்பேன். வெட்டுப்பட்ட வாழையின் கிழங்கிலிருந்து வந்த குட்டி இப்போது குலை தள்ளியிருக்கிறது. வேலிக்கு மேலால் நன்றாக அந்தப் பக்கம் சாய்ந்து தொங்குகிறது. அது தொங்குவதும் நம்முடைய நிலத்துக்கு மேலேதான். யாராவது கத்தியோடு வரட்டும். நான் தடி உரித்து வைத்திருக்கிறேன்.